மூன்று சதுர அலகில் ஒரு சதுரம்: ஆணிப்பலகையோடு எட்டுப் பாடவேளைகள்

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். வகுப்பில் முப்பத்தாறு பேர் இருக்கிறார்கள். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி எண்களைக் கொடுத்தால் பெரும்பாலோர் விடையைச் சரியாகக் கொண்டுவந்துவிடுவார்கள், ஆனால் “ஏன் இந்த விடை, வேறொன்று ஏன் இல்லை?” என்று கேட்டவுடன் வகுப்பு முழுவதும் அமைதியாகிவிடும். அந்த அமைதி பல ஆண்டுகளாக என்னை வருத்தி வந்தது. காரணம் சொல்ல வேண்டிய தேவையே எழாத கணக்குகளை மட்டும் கொடுத்துக்கொண்டு, காரணம் சொல்லத் தெரியவில்லை என்று பிள்ளைகளைக் குறைகூறுவது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது. ஆகவே ஒரே ஒரு திறந்தமுனைக் கணக்கை எடுத்துக்கொண்டு எட்டுப் பாடவேளைகள் அதிலேயே இருப்பது என்று முடிவு செய்தேன். அதற்கான பலகையைச் செய்தது, கேள்வியை இரண்டு முறை பழுதுபார்த்தது, வகுப்பில் நடந்தது ஆகியவற்றை, இதே முயற்சியில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

திறந்தமுனைக் கணக்கு என்றால் எந்த விடையும் சரி என்று பொருளில்லை. ஜப்பானில் 1970களில் ஷிகேரு ஷிமாடாவும் அவருடைய குழுவினரும் இந்த அணுகுமுறையை முறையாக ஆராய்ந்தார்கள். சரியான விடைகள் பல இருக்கும்படி ஒரு கணக்கை அமைத்து, அந்த விடைகளையும் வழிகளையும் ஒப்பிடுவதையே பாடமாக்குவது அதன் சாரம். அந்த ஒப்பீட்டை எல்லா மாணவர்களும் கையால் தொட்டுச் செய்ய ஒரு கருவி வேண்டும் என்று நினைத்தபோதுதான் ஆணிப்பலகை நினைவுக்கு வந்தது. காலெப் கட்டேன்யோ என்ற கல்வியாளர் 1950களில் கணித வகுப்புகளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எளிய கருவி அது: சம இடைவெளியில் ஆணிகள் அடித்த ஒரு பலகையும், அவற்றில் மாட்டி வடிவங்களை அமைக்கச் சில ரப்பர் பேண்டுகளும் போதும்.

நால்வருக்கு ஒன்று என்ற கணக்கில் ஒன்பது பலகைகள் தேவைப்பட்டன. மரக்கடையில் மீந்து கிடந்த 12 மி.மீ. பிளைவுட்டை 25 செ.மீ. சதுரத் துண்டுகளாக அறுத்து வாங்கி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தேன். ஐந்து வரிசைகளில் ஐந்தைந்து ஆணிகள். அடுத்தடுத்த ஆணிகளுக்கு இடையே 5 செ.மீ.; ஓரத்தில் நாற்புறமும் 2.5 செ.மீ. இடம் விட்டேன். ஓரங்குல ஆணியைப் பலகையில் 10 மி.மீ. மட்டும் இறக்கி மீதி 15 மி.மீ. வெளியே நிற்கும்படி அடிக்க வேண்டும். அதற்கு மேல் இறக்கினால் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்து கையைக் கிழிக்கும். எல்லா ஆணியும் ஒரே உயரத்தில் நிற்பதற்காக, 15 மி.மீ. கனமுள்ள ஒரு மரச்சட்டத்தில் காடி வெட்டி, அதை ஆணியின் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆணித்தலை சட்டத்தின் மட்டத்துக்கு வரும்வரை மட்டும் சுத்தியலால் தட்டினேன்.

முதல் நான்கு பலகைகளில் ஒரு தவறு செய்தேன். ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு முந்தைய புள்ளியிலிருந்து 5 செ.மீ. அளந்து குறித்தேன். ஒவ்வொரு முறையும் அரை மி.மீ., ஒரு மி.மீ. என்று நேர்ந்த பிசகு சேர்ந்து, கடைசி ஆணியில் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டது. அளவுகோலை ஒரே தடவை வைத்து, நகர்த்தாமல் 0, 5, 10, 15, 20 என்று ஐந்து இடங்களையும் குறித்திருக்க வேண்டும். மீதி ஐந்து பலகைகளுக்குத் தடித்த அட்டையில் இருபத்தைந்து புள்ளிகளை அவ்வாறு குறித்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் துளையிட்டு ஓர் அச்சு செய்துகொண்டேன். அட்டையைப் பலகைமேல் வைத்துத் துளைகள் வழியாக ஊசியால் குத்தினால் ஆணி இறங்க வேண்டிய இடம் தெளிவாகப் பதிந்துவிடும். கோணலாகிப் போன நான்கு பலகைகளையும் பிரித்து மீண்டும் அடிக்க நேரமில்லாமல், அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன். அவையே பின்னர் பாடத்தின் போக்கை மாற்றின.

முதல் பாடவேளையில் நான் கேட்ட கேள்வி இது: “உங்களுக்குப் பிடித்த வடிவத்தைப் பலகையில் அமைத்து, அதன் பரப்பளவைக் கண்டுபிடியுங்கள்.” வீடு, பட்டம், மீன், ஆங்கில எழுத்துகள் என்று பலகைகள் நிறைந்தன, வகுப்பு கலகலப்பாகவும் இருந்தது. ஆனால் ஒரு குழுவின் மீனுக்கும் இன்னொரு குழுவின் வீட்டுக்கும் இடையே பேச எதுவும் இல்லை. எல்லாமே வேறு வேறாக இருந்ததால் எதையும் ஒப்பிட முடியவில்லை. ஒப்பிட முடியாத இடத்தில் வாதமும் எழவில்லை. கேள்வி அளவுக்கு மீறித் திறந்திருந்தது.

மறுநாள் அதை இறுக்கினேன்: “இந்தப் பலகையில் மொத்தம் எத்தனைச் சதுரங்கள் உள்ளன?” சதுரங்கப் பலகைப் புதிரை முன்பே அறிந்திருந்த ஒரு மாணவன், 16, 9, 4, 1 ஆகியவற்றைக் கூட்டி 30 என்று இரண்டு நிமிடங்களில் சொல்லிவிட்டான். மற்றவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். உண்மையில் அந்த விடை தவறு. சாய்வாக நிற்கும் சதுரங்கள் இருபதையும் சேர்த்தால் 50 வரும். ஆனால் ஓர் எண்ணை மட்டும் கேட்ட கேள்வி, ஓர் எண் வந்தவுடன் முடிந்துபோனது. விடை தவறு என்று நான் சொல்லியிருந்தால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து அடுத்த எண்ணைச் சொல்லியிருப்பார்களே ஒழிய, பலகையைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அன்று மாலை கேள்வியை மூன்றாம் முறையாக எழுதினேன்: “பரப்பளவில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட எத்தனைச் சதுரங்களை இந்தப் பலகையில் அமைக்க முடியும்? எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பதைப் பக்கத்துக் குழு ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லுங்கள்.” வடிவம் சதுரம் என்று குறுக்கியதால் ஒப்பிட முடிந்தது; பரப்பளவு என்று கேட்டதால் எண்ணுவதோடு நிற்க முடியவில்லை; இரண்டாம் வாக்கியத்தால் காரணம் சொல்வது கேள்வியின் ஒரு பகுதியாகவே ஆனது. முந்தைய கேள்விகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அந்த இரண்டாம் வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒப்புக்கொள்ள வேண்டியவர் ஆசிரியர் என்று வைக்காமல் பக்கத்துக் குழு என்று வைத்ததும் முக்கியம். ஆசிரியருக்கு விடை தெரியும் என்பதால் அவரிடம் யாரும் உண்மையாக வாதாடுவதில்லை.

அடுத்தடுத்த ஆணிகளின் இடைவெளியை ஓர் அலகாகக் கொண்டோம். மூன்றாம் பாடவேளையில் முதல் இருபது நிமிடங்கள் எல்லாக் குழுக்களும் 1, 4, 9, 16 என்ற நான்கு பரப்பளவுகளோடு நின்றன. பிறகு ஜன்னலோரக் குழுவில் இருந்த ஒரு மாணவி, இடம் போதாமல் பலகையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டாள். மூலை கீழ்நோக்கி இருந்ததால் அவள் கண்ணுக்கு ஆணிகள் வேறு வரிசையாகத் தெரிந்திருக்க வேண்டும், நான்கு ஆணிகளில் பேண்டை மாட்டி, “டீச்சர், இது வைரம் மாதிரி நிக்குது. இதுவும் சதுரம்தானே?” என்றாள். அதன் பரப்பளவு 2. ஒரு சதுரத்தைச் சாய்த்து வைத்தால் அது சதுரமாக நீடிக்குமா என்ற ஐயம் எட்டாம் வகுப்பிலும் பலருக்கு இருந்ததை அன்றுதான் கண்டேன். பாடநூலில் அவர்கள் பார்த்த சதுரங்களில் பெரும்பாலானவை நேராக நின்றவை. அதற்குப் பிறகு பேண்டுகள் எல்லாப் பக்கமும் சாயத் தொடங்கின.

நான்காம் பாடவேளையில், கோணல் பலகைகளில் ஒன்றை வைத்திருந்த குழுவுக்குள் ஒரு சண்டை மூண்டது. ஒரு மாணவி இரண்டு ஆணி வலப்பக்கம், ஒன்று மேலே என்று நகர்ந்து ஒரு பக்கத்தை அமைத்து, அதுபோலவே நான்கு பக்கங்களையும் மாட்டியிருந்தாள். எதிரே இருந்த மாணவன் அளவுகோலை எடுத்து அளந்தான். “டீச்சர், இது சதுரம் இல்ல. ஒரு பக்கம் பதினொண்ணு வருது, இன்னொண்ணு பதினொண்ணரைகிட்ட வருது.” அவன் அளந்தது சரி, துல்லியமான பலகையில் ஒவ்வொரு பக்கமும் 11.2 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். பிசகு என்னுடையது என்று சொல்லி நல்ல பலகை ஒன்றை எடுத்துக் கொடுக்க வாயெடுத்தேன். அதற்குள் அந்த மாணவி சொன்னாள்: “ஆணி கோணலா இருந்தா அளவு மாறும். ஆனா ரெண்டு தள்ளி ஒண்ணு ஏறுறது நாலு பக்கத்துக்கும் ஒண்ணுதானே?”

வடிவியல் உருவம் என்பது பலகையில் இருக்கும் பேண்டு அல்ல, அது குறிக்கும் உறவு என்பதை அவள் தன் சொற்களில் சொல்லிவிட்டாள். நான் நல்ல பலகையைக் கொடுத்திருந்தால் அளவுகோல் ஒத்துப்போய், நான்கு பக்கமும் சமம், ஆகவே சதுரம் என்று குழு முடித்துக்கொண்டிருக்கும். அளவுகோல் பயன்படாமல் போனதால்தான் காரணம் தேவைப்பட்டது.

வாதம் அங்கே நிற்கவில்லை. அந்த மாணவன் விட்டுக்கொடுக்காமல், “பக்கம் நாலும் சமம்னா சாய்சதுரமாக்கூட இருக்கலாம்ல?” என்று கேட்டான். இந்தக் கேள்வியை நான் கரும்பலகையில் எழுதி, முழு வகுப்புக்கும் கொடுத்தேன். ஒரு குழு உருவத்தைப் புள்ளித்தாளில் வரைந்து, மெல்லிய தாளில் நகலெடுத்து, நகலைக் கால் சுற்று திருப்பி மூலத்தின்மேல் வைத்துப் பார்த்தது, இரண்டும் பொருந்தின. இன்னொரு குழு சாய்ந்த சதுரத்தைச் சுற்றி நேரான ஒரு சட்டத்தை வரைந்தது. சட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே நான்கு மூலைகளிலும் ஒரே அளவான நான்கு செங்கோண முக்கோணங்கள் கிடைத்தன. சாய்ந்த சதுரத்தின் ஒரு முனை சட்டத்தின் நேர்க்கோட்டில் நிற்கிறது. அந்த முனையில் மூன்று கோணங்கள் சேர்ந்து 180 பாகை. ஓரங்களில் உள்ள இரண்டும் சர்வசம முக்கோணங்களின் இரு வேறு குறுங்கோணங்கள் என்பதால் அவை சேர்ந்து 90. ஆகவே நடுவில் இருப்பது செங்கோணம். இதை அவர்கள் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. இரண்டு முறை குழம்பி, ஒரு முறை அழித்து எழுதினார்கள். ஆனால் ஒவ்வொரு படியும் அவர்களுடையது.

இந்தச் சட்டம் கைக்கு வந்த பிறகு அடுத்த இரண்டு பாடவேளைகள் வேகமாக ஓடின. சாய்ந்த சதுரத்தின் பரப்பளவுக்குச் சட்டத்தின் பரப்பளவிலிருந்து நான்கு முக்கோணங்களைக் கழித்தால் போதும். இரண்டு தள்ளி ஒன்று ஏறும் சதுரத்துக்குச் சட்டத்தின் பக்கம் 3, பரப்பளவு 9, ஒவ்வொரு முக்கோணமும் 1, மீதி 5. மூன்று தள்ளி ஒன்று ஏறினால் 16 இலிருந்து 6 போக 10. இதைப் பட்டியலிட்டபோது ஒருவர், கழிக்கவே வேண்டாம், தள்ளியதன் வர்க்கத்தையும் ஏறியதன் வர்க்கத்தையும் கூட்டினாலே வந்துவிடுகிறது என்று கண்டார்: 4 + 1 = 5, 9 + 1 = 10. அது பிதாகரஸ் தேற்றம். பெயரை நான் அன்று சொல்லவில்லை. அந்தப் பாடம் வந்தபோது அவர்களே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

வேறொரு குழு சட்டமும் வர்க்கமும் இல்லாமல், சில சாய்ந்த சதுரங்களுக்குள் அடைபட்டிருக்கும் ஆணிகளை எண்ணி ஒன்றைக் கூட்டினாலே பரப்பளவு வருகிறது என்றது. பரப்பளவு 5 உள்ள சதுரத்துக்குள் 4 ஆணிகள், 10 உள்ளதற்குள் 9 ஆணிகள். ஆனால் 8 உள்ளதற்குள் 5 ஆணிகள் மட்டுமே இருந்ததால் விதி முறிந்தது. அந்தச் சதுரத்தின் பக்கங்களின் நடுவிலும் ஆணிகள் தொட்டு நிற்பதை அவர்கள் கவனித்துவிட்டார்கள். ஜார்ஜ் பிக் என்ற ஆஸ்திரியக் கணிதவியலாளர் பிராகிலிருந்து 1899 இல் வெளியிட்ட தேற்றத்தின் வாசலில் அவர்கள் நின்றார்கள்: உள்ளே உள்ள புள்ளிகளோடு விளிம்பில் உள்ள புள்ளிகளின் பாதியைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் பரப்பளவு கிடைக்கும். 8 சதுர அலகுச் சதுரத்துக்கு விளிம்பில் 8 புள்ளிகள்; 5 + 4 − 1 = 8. பிக் தம் எண்பத்து இரண்டாம் வயதில், 1942 இல், நாசிகளின் தெரேசியன்ஸ்டட் முகாமில் இறந்தார் என்பதை வகுப்பில் சொன்னேன். அந்தத் தேற்றத்தைத் தனியாக ஒரு வகுப்பாக எடுக்க வேண்டும் என்பதால் அந்தக் குழுவின் தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்பதற்கும் சட்டமே வழிகாட்டியது. எந்தச் சதுரத்தைச் சுற்றியும் ஒரு நேரான சட்டம் இருக்கும். பலகையில் சட்டத்தின் பக்கம் 4 ஐத் தாண்ட முடியாது. சட்டம் 1 என்றால் பரப்பளவு 1 மட்டும். 2 என்றால் 4 அல்லது 2. 3 என்றால் 9 அல்லது 5. 4 என்றால் 16, 10 அல்லது 8. ஆக மொத்தம் எட்டு. இதைப் பக்கத்துக் குழுவுக்கு விளக்கிய மாணவி, ஒவ்வொரு சட்டத்தின் பக்கத்தையும் இரண்டாகப் பிரிக்கும் வழிகளை எண்ணிக் காட்டினாள். 1 + 3 உம் 3 + 1 உம் ஒரே பரப்பளவைத் தருவதால் ஒரு முறைதான் எண்ண வேண்டும் என்றும் சொன்னாள். கேட்டவர்களில் ஒருவரும் எதிர்வாதம் சொல்ல முடியவில்லை. அந்த அமைதி, நான் முதலில் குறிப்பிட்ட அமைதியைப் போன்றதல்ல.

மதிப்பிடுவதைப் பற்றி ஒரு சொல். எத்தனைச் சதுரங்கள் கண்டார்கள் என்பதற்கு நான் மதிப்பெண் தரவில்லை. ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் மூன்று விஷயங்களை எழுத வேண்டும் என்றேன்: நான் எதை நம்பினேன், எது அதை மாற்றியது, இப்போது எதை நம்புகிறேன், ஏன். அளவுகோலால் அளந்து மறுத்த அந்த மாணவனின் குறிப்புதான் வகுப்பிலேயே மிகச் சிறந்தது. அவன் இரண்டு முறை தன் கருத்தை மாற்றியிருந்தான், இரண்டு முறையும் தக்க காரணத்தோடு.

ஏழாம் பாடவேளையில் பட்டியலைக் கரும்பலகையில் ஏறுவரிசையில் எழுதினேன்: 1, 2, 4, 5, 8, 9, 10, 16. உடனே ஒரு குரல்: “மூணு ஏன் டீச்சர் இல்ல? பலகை சின்னதா இருக்கிறதாலயா?” பலகை எவ்வளவு பெரிதானாலும் 3 வராது என்று கண்டவர்கள் சொன்ன காரணம் எளிமையானது: தள்ளுவதோ ஏறுவதோ இரண்டு என்று வந்தாலே பரப்பளவு 4 ஐத் தொட்டுவிடும், இரண்டும் 0 அல்லது 1 ஆக இருந்தால் 2 ஐத் தாண்டாது. 6, 7 ஆகியவற்றையும் அவ்வாறே சோதித்து நீக்கினார்கள்.

பிறகு பலகையை விட்டுவிட்டுப் புள்ளித்தாளில் 25 வரை போனோம். கிடைக்காத எண்கள் 3, 6, 7, 11, 12, 14, 15, 19, 21, 22, 23, 24. இவற்றில் 3, 7, 11, 15, 19, 23 நான்கு நான்காகக் கூடிச் செல்வதைப் பலரும் பார்த்தார்கள். 4 ஆல் வகுத்தால் மீதி 3. ஏன் என்பதற்கு மறுபடி ஆணிப்பலகையே உதவியது. பலகையில் 25 ஆணிகள், அதாவது ஓர் ஒற்றை எண்ணின் வர்க்கம். நடு ஆணியை விட்டுவிட்டு, மீதி 24 ஐயும் 2 × 3 என்ற நான்கு செவ்வகங்களாகக் காற்றாடி இறக்கைகள் போல நான்கு பேண்டுகளால் வளைத்துக் காட்டினாள் ஒருத்தி. எந்த ஒற்றை எண்ணின் வர்க்கத்தையும் இவ்வாறு நான்கு சம பங்குகளாகவும் நடுவில் ஒன்றாகவும் பிரிக்கலாம். ஆகவே மீதி 1. இரட்டை எண்ணின் வர்க்கத்தில் மீதி 0. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2 தான் வரும். 3 வரவே வராது.

ஆனால் 6, 12, 14, 21, 22, 24 மிஞ்சி நிற்கின்றன. அவற்றின் மீதி 3 இல்லை. ஆனாலும் அவை கிடைப்பதில்லை. இதன் நுட்பம் எண்கோட்பாட்டில் ஆழமானது: 4 ஆல் வகுத்து மீதி 1 வரும் பகா எண்களை எல்லாம் இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 1640 டிசம்பர் 25 அன்று மெர்சென் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதினார், அதன் நிரூபணத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு ஆய்லர் என்ற கணிதவியலாளர் தந்தார். நான் இதை வகுப்பில் இன்னும் சொல்லவில்லை.

எட்டாம் பாடவேளையின் முடிவில் அந்த ஆறு எண்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டுச் சுவரில் ஒட்டினோம். மறுநாள் காலை வந்து பார்த்தபோது யாரோ அவற்றின் கீழே 6 = 2 × 3, 12 = 4 × 3, 14 = 2 × 7, 21 = 3 × 7, 22 = 2 × 11, 24 = 8 × 3 என்று எழுதி, “எல்லாவற்றிலும் 3, 7, 11 என்று போகும் பட்டியலில் உள்ள எண் இருக்கிறது, அதனால்தான் வரவில்லை” என்று சேர்த்திருந்தார்கள். மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு பார்த்தால், அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ஒரே ஒரு வரி: “அப்படியென்றால் 9 இலும் 18 இலும் 3 இருக்கிறதே, அவை எப்படி வந்தன?” அதன் கீழே வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.